டேப் கீ தட்டினால் ரெக்கார்டு ஏன் மாற வேண்டும்?

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஒரு ஃபார்மை உருவாக்கி, எதையும் மாற்றாமல் பயன்படுத்திப் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் டேப் தட்டியதும் அடுத்த ரெக்கார்டு திரைக்கு வந்துவிடும். திருத்திய ரெக்கார்டு ஒரு வார்த்தை கேட்காமல் சேமிக்கப்பட்டிருக்கும். கண் காகிதத்திலும் கை கீபோர்டிலும் இருப்பவருக்கு இது தெரியாது. ஒருவருடைய தொலைபேசி எண்ணை இன்னொருவர் பெயருக்கு நேரே அடித்துவிட்டுப் போய்விடுவார். எண்ணில் பிழை இல்லை, இலக்கங்கள் குறையவில்லை என்பதால் எந்தச் சரிபார்ப்பு விதியும் அதைப் பிடிக்காது. அதனால்தான், ஆக்சஸ் ஃபார்மில் முதலில் மாற்ற வேண்டியது இந்த இயல்புநிலையைத்தான் என்கிறேன். மைக்ரோசாஃப்டே இதைப் பாதி ஒப்புக்கொண்டிருக்கிறது. 2003 பதிப்பு வரை மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே ரெக்கார்டு மாறும். ஃபார்ம் வியூவில் அந்த வழக்கத்தை 2007இல் நிறுத்திவிட்டார்கள். டேப் கீயை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

மாற்றுவது எளிது. பிராபர்ட்டி ஷீட்டின் 'அதர்' பகுதியில் 'சைக்கிள்' என்ற வரி இருக்கிறது. அதில் 'ஆல் ரெக்கார்ட்ஸ்' என்றிருப்பதைக் 'கரன்ட் ரெக்கார்ட்' ஆக்கினால், டேப் அதே ரெக்கார்டின் முதல் கட்டத்துக்குத் திரும்பும். 'நேவிகேஷன் பட்டன்ஸ்' வரியில் 'நோ' கொடுத்தால் கீழே உள்ள அம்புக்குறிகள் மறையும். ஆனால் பேஜ் டவுன் இதற்கெல்லாம் அடங்காது. 'கீ ப்ரிவியூ'வை 'யெஸ்' ஆக்கி, 'கீ டவுன்' நிகழ்வில் அந்தக் கீயின் மதிப்பைச் சுழியமாக்கினால்தான் நிற்கும். ஒரே வேலைக்கு மூன்று இடங்களைத் தேடிப் போக வைப்பது நல்ல வடிவமைப்பு அல்ல.

வேகம் போய்விடுமே என்பார்கள். கட்டுக்கட்டாக விண்ணப்பங்களை ஏற்றுபவருக்கு டேப்பிலேயே அடுத்த ரெக்கார்டு வருவது வசதிதான். அதற்குச் 'சேமித்துப் புதியது' என்று ஒரு பட்டன் வைத்து, டேப் வரிசையில் அதைக் கடைசியாக நிறுத்தினால் போதும். கூடுதலாக ஒரு என்டர். அந்த என்டரைத் தட்டுபவருக்கு ரெக்கார்டு முடிந்தது என்று தெரியும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: வழியை அடைத்துவிட்டால் தரவு பத்திரமாகிவிடுமா? ஆகாது. ஷிஃப்ட் என்டர் தட்டினாலும், ஃபார்மை மூடினாலும், துணைப் படிவத்துக்குள் நுழைந்தாலும் ரெக்கார்டு சேமிக்கப்படும். இத்தனை வழிகளும் கடக்கும் ஒரே வாசல் 'பிஃபோர் அப்டேட்' நிகழ்வு. சரிபார்ப்பை அங்கேதான் வைக்க வேண்டும். நாமே வைக்கும் மூடும் பட்டனில் இன்னொரு பொறியும் உண்டு: கட்டாயக் கட்டம் ஒன்று காலியாக இருக்கும்போது 'டூகமாண்ட் குளோஸ்' ஓடினால், அடித்ததையெல்லாம் எச்சரிக்காமல் தூக்கி எறிந்துவிட்டு ஃபார்ம் மூடிக்கொள்ளும். அந்த வரிக்கு முன்னால் ஃபார்மின் 'டர்ட்டி' பண்பை 'ஃபால்ஸ்' ஆக்கிச் சேமிக்க வைத்தால், பிழைச் செய்தியாவது கண்ணில் படும்.

பில்லின் பொருள் வரிகள் போல வரிசையாக ஏற்றும் துணைப் படிவங்களை மட்டும் 'ஆல் ரெக்கார்ட்ஸ்' நிலையிலேயே விடலாம். அங்கே எல்லா வரிகளும் ஒன்றாகக் கண்முன் இருப்பதால், எந்த வரிக்குத் தாவினோம் என்பது உடனே தெரிந்துவிடும்.