சுருங்கும் வலயம்: போர் விளையாட்டும் வன்னியின் இளந்தலைமுறையும்

விளையாட்டு மனித குலத்தின் பழஞ்செல்வங்களுள் ஒன்று. உழைப்பின் அசைவுகளிலிருந்தே ஆட்டம் பிறந்தது என்றும், வேட்டையின் ஒத்திகையே கூத்தாக வளர்ந்தது என்றும் கலை வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுவர். ஒரு சமுதாயம் எதனால் வாழ்கின்றது என்பதை அதன் வயல்கள் காட்டும். எதனை எண்ணி ஏங்குகின்றது என்பதை அதன் பிள்ளைகளின் விளையாட்டுக் காட்டும். இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பாடசாலை விட்டதும் கிளித்தட்டுக்கோ கரப்பந்துக்கோ ஓடாத மாணவர் பலரைக் காண்கின்றோம். அவர்கள் மதகுக் கட்டுகளில் வரிசையாக அமர்ந்து, கைத்தொலைபேசித் திரையிலே போர் புரிகின்றனர். 'பப்ஜி' என்றும் 'பிறீ பயர்' என்றும் அவர்கள் வழங்கும் இவ்விளையாட்டுகளை, ஒரு நாவலையோ திரைப்படத்தையோ திறனாய்வது போலத் திறனாயும் கடமை நமக்குண்டு.

இதுபற்றிப் பொதுவாக எழும் பேச்சு 'அடிமையாதல்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றது. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு நாட்டத்தால் வரும் ஒழுங்கின்மையைத் தனது நோய் வகைப்பாட்டில் சேர்த்துள்ளது. 2019இல் ஏற்கப்பட்ட அவ்வகைப்பாடு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டின் மீது கட்டுப்பாட்டை இழத்தல், ஏனைய கடமைகளுக்கெல்லாம் மேலாக அதனை வைத்தல், தீங்கு நேர்வதை அறிந்தும் தொடர்தல் என்பன அதன் குறிகள். எனினும் விளையாடுவோரில் சிறு பகுதியினரையே இது பீடிக்கின்றது என்றும் அந்நிறுவனமே கூறுகின்றது. ஆகவே திரையை நோக்கும் ஒவ்வொரு மாணவனையும் நோயாளியாக்குவது அறிவுடைமையாகாது. நோயுற்றவனுக்கு மருத்துவர் வேண்டும். நோயுறாத பெரும்பான்மையினரின் மனத்திலே இவ்விளையாட்டு எத்தகைய உலகத்தைக் கட்டி எழுப்புகின்றது என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய கேள்வி.

தென்கொரிய நிறுவனம் ஒன்றினால் 2017இல் வெளியிடப்பட்ட பப்ஜியின் கதையமைப்பு எளியது. நூறு பேர் விமானத்திலிருந்து வெறுங்கையோடு ஒரு தீவிலே குதிக்கின்றனர். ஆளற்ற வீடுகளுக்குள் புகுந்து துப்பாக்கியும் மருந்தும் பொறுக்குகின்றனர். ஒருவரையொருவர் கொன்று, இறுதியில் எஞ்சி நிற்பவர் வெற்றி பெறுகின்றார். ஒரு போட்டி ஏறத்தாழ அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். அவ்வீடுகளில் வாழ்ந்தவர் யார், அவர்கள் எங்கே போயினர் என்ற கேள்வி விளையாட்டில் எழுவதில்லை. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வீடு வாசலைத் திறந்தபடியே விட்டு, உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறிக் கிழக்கு நோக்கி நகர்ந்த மக்களின் பேரப்பிள்ளைகள், ஆளற்ற வீட்டைப் பொருள் பொறுக்கும் இடமாகவே அங்கு காண்கின்றனர்.

இவ்விளையாட்டின் உயிர்நாடி அதன் வட்டம். தீவிலே பாதுகாப்பான பகுதி ஒன்று வட்டமாக வரையப்படும். நேரம் செல்லச் செல்ல அது சுருங்கும். வெளியே நிற்பவனின் உயிர் குறைந்துகொண்டே போகும். "ஸோன் சுருங்குது, ஓடு" என்பது இன்று மாணவரிடையே பழகிப்போன சொல். இத்தொடரைக் கேட்கும் முல்லைத்தீவுத் தாயொருத்திக்கு நெஞ்சு திடுக்கிடாதிருக்குமா? 2009 ஜனவரி 21ஆம் நாள் சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பகுதியை அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என அறிவித்தது. பெப்ரவரி 12இல் புதுமாத்தளன் தொட்டு முள்ளிவாய்க்கால் வரையான கடற்கரைத் துண்டு வலயமாயிற்று. மே மாதத் தொடக்கத்தில் அதனினும் சிறிய ஒரு துண்டு அறிவிக்கப்பட்டது. அவ்வலயங்களுக்குள் எறிகணைகள் வீழ்ந்தமையையும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்தமையையும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் பதிவு செய்துள்ளது. விளையாட்டிலே வட்டத்துக்கு வெளியே நிற்பவன் சாகின்றான். வன்னியிலோ வலயத்துக்கு உள்ளே நின்றவர்கள் மடிந்தனர். இன்று தரம் பத்தில் பயிலும் பிள்ளைகள் அப்போருக்குப் பின் பிறந்தவர்கள். அவர்கள் 'வலயம்' என்ற சொல்லின் பொருளைத் தாயிடமிருந்து கற்கவில்லை, திரையிடமிருந்து கற்றனர்.

மாயை மெய்யோடு கலக்கின்றது என்று நாம் அஞ்சுவதன் உண்மைப் பொருள் இங்கேதான் உள்ளது. திரையிலே சுடும் சிறுவன் நாளை தெருவிலே சுடுவான் என்று நான் வாதிடவில்லை. பொய்யான போரை அவன் மெய்யென்று நம்பப்போவதுமில்லை. மெய்யாக நடந்த போர் அவனுக்குப் பொய்யான போரின் சாயலில் தோன்றத் தொடங்குவதே நாம் கவலைகொள்ள வேண்டியது.

போரைப் புகழ்ந்த நமது பழைய இலக்கியம்கூடப் போரின் உடலை மறைத்ததில்லை. கலிங்கத்துப்பரணி வெற்றியைப் பாட எழுந்த நூல். ஆயினும் களத்திலே பிணங்களையும், கணவனின் உடலைத் தேடும் பெண்களையும் அது காட்டுகின்றது. புறத்திணை மரபிலே வெட்சியும் வஞ்சியும் இருந்ததுபோலக் காஞ்சியும் கையறுநிலையும் இருந்தன. வீழ்ந்தவனுக்கு நடுகல் இருந்தது. பப்ஜியிலே வீழ்ந்தவன் மறைகின்றான். அவ்விடத்தில் ஒரு பெட்டி எஞ்சுகின்றது. வென்றவன் அதனைத் திறந்து துப்பாக்கியையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு நடக்கின்றான். பிணம் பண்டமாகிவிடும் இவ்வுலகிலே ஒப்பாரிக்கு இடமில்லை. ஊனமுற்றோர் இல்லை; காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இல்லை. முகமாலையிலே போர் ஓய்ந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் பெண்கள் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மிதிவெடி தேடினர். அந்த நீண்ட காலமும் இங்கே இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் புதிய போர் தொடங்கிவிடும்.

கலை என்றாலே மயக்கந்தானே என்று சிலர் வினவலாம். முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் மயக்கமே. கோவலன் வெட்டுண்ணும் வேளையில் விடியற்புறத்துச் சபை கண்ணீர் விடுகின்றது. ஆனால் அம்மயக்கம் ஊர் கூடி அநுபவிக்கும் மயக்கம். அரசநீதி பிழைத்ததை ஊரே சேர்ந்து உணரும் மயக்கம். விடிந்ததும் அண்ணாவியார் ஒப்பனையைக் களைந்து வயலுக்குப் போவார். கூத்து மனிதனை வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்பியது. முடிவென்பதே இல்லாதபடி அமைந்த விளையாட்டு அவனைத் திரையிலேயே இருத்தி வைக்க முயல்கின்றது. ஏனெனில் அவன் செலவிடும் நேரமே நிறுவனத்தின் இலாபம். இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுக்குள்ளே உடைக்கும் துப்பாக்கி அலங்காரத்துக்கும் விலை உண்டு. பிறீ பயரிலே 'டயமன்ட்' வாங்கக் காசு வேண்டும். மேசன் வேலைக்கோ மீன்பிடிக்கோ செல்லும் தகப்பனின் நாட்கூலியில் ஒரு பங்கு இவ்வழியே கடல் கடக்கின்றது.

ஆயினும் இளைஞரைப் பழிப்பதால் பயனில்லை. பாடசாலைகள் மூடுண்ட 2020ஆம் ஆண்டிலே, கடன்பட்டாவது போன் வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோரைத் தூண்டிய ஆசிரியர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே நாம். அந்தப் போனிலே அவன் கண்டது என்ன? எல்லோரும் வெறுங்கையோடு சமமாக இறங்கும் ஒரு தீவு. அங்கே சாதி கேட்பாரில்லை. தனியார் வகுப்புக்குக் காசு கட்டியவன், கட்டாதவன் என்ற வேறுபாடில்லை. காப்பாற்ற ஓடிவரும் தோழர்கள் உண்டு. வேலையற்ற அண்ணனையும் நுண்கடன்காரனுக்கு ஒளியும் தாயையும் கண்டு வளரும் சிறுவனுக்கு அத்தீவு இனிப்பதில் வியப்பில்லை. அவன் தேடும் சமத்துவமும் தோழமையும் மெய்யான தேவைகள். அவற்றைக் கொலையோடு பிணைத்து விற்கும் வணிகமே பொய்யானது.

தடைச் சட்டம் இதற்கு மருந்தாகுமா? இந்தியா 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தது. மாணவர் நலன் கருதி அன்று, நாட்டுப் பாதுகாப்பைக் காரணங்காட்டி. அடுத்த ஆண்டே அது வேறு பெயரிலே திரும்பியது. சிறுவர் இணையவழியில் விளையாடுவதை வாரத்துக்கு மூன்று மணிநேரம் என 2021இல் சீனம் கட்டுப்படுத்தியது. கட்டுப்பாடு ஓரளவு உதவலாம். ஆனால் போனைப் பறித்த கையிலே வேறொன்றும் இல்லாவிடின், பறித்தலால் விளைவது வெறுமையே.

மே மாதத்திலே சந்திகளில் வழங்கப்படும் கஞ்சியை நம் மாணவனும் வாங்கிக் குடிக்கின்றான். அது ஏன் உப்புக்கஞ்சியாயிற்று என்று அவனுக்குச் சொன்னவர் எத்தனை பேர்? துயரத்தை மறைத்துப் பிள்ளையைக் காப்பதாக எண்ணி வீடு மௌனங்காத்தது, பாடநூலும் மௌனங்காத்தது. அந்த வெற்றிடத்திலேதான் அந்நிய நிறுவனத்தின் போர் வந்து குடியேறிற்று. ஆகவே நண்பர்களே, அம்மம்மாவின் வாய்மொழியை மாணவனைக் கொண்டே எழுதுவிப்போம். ஊர் நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் மாலை வேளையில் திறந்து வைக்கப் போராடுவோம். கூத்துக்கு அவனை மேடையேற்றுவோம். வலயம் என்றால் என்ன என்பதை, அதற்குள் நின்று மீண்டவர்களின் வாயிலிருந்தே அவன் கேட்கட்டும்.