ஆரியர் என்னும் சொல்

சொல்லொன்று பொருள் திரிந்து வழங்குமிடத்து விளையுங் கேடு சிறிதன்று. ‘ஆரியர்’ என்னும் சொல்லின் வரலாறு அதற்குச் சான்றாகும்.

வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியன ஒரு மூலத்தினின்று கிளைத்தனவாதல் வேண்டும் எனச் சேர் வில்லியம் ஜோன்ஸ் 1786 இல் கல்கத்தாவிற் கூறினார். அது மொழிகளைப் பற்றிய கருத்தேயாம். பின்வந்தோர் பலர் மொழியுறவை உதிர உறவாகக் கொண்டனர். அப்பெயரைப் பரப்பியவருள் ஒருவராகிய மாக்ஸ் முல்லரே, அது மொழிக்குரியதன்றி இனத்துக்குரியதன்று என 1888 இல் வற்புறுத்தினார். அறிஞர் மறுத்தும் சொல் அடங்கவில்லை.

1935 இல் ஜேர்மனியின் நியூரம்பேர்க் சட்டங்கள் யூதர் யாவர் என வரையறுக்கப் புகுந்தன. உதிரத்தில் அதற்கு அடையாளங் கிடைத்ததா? இல்லை. பாட்டன் பாட்டியர் நால்வருள் மூவரேனும் யூத சமயத்தவராயிருந்தனரா என்பதே முதன்மையான அளவுகோலாயிற்று. குருதியின் பெயரால் எழுந்த சட்டம் சமயப் பதிவேடுகளை நாடிற்று! ஆயினும் அதனால் யூதர் குடியுரிமை இழந்தனர். ஏனையோரை மணத்தலும் விலக்கப்பட்டது. ஈற்றில் ஏறக்குறைய அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர்.

இனம் மனிதர் கற்பித்ததே. ஆதலின் அதனைப் பொருட்படுத்தல் வேண்டா என்பர் சிலர். அது பொருந்தாது. மனிதர் இட்ட வேலியும் மனிதரைத் தடுக்கும். பொய்ப் பெயரும் சட்டத்தில் ஏறியபின் மெய்த் துன்பந் தரும்.

ஈழத்திலும் ஆரியம், திராவிடம் என்னும் மொழிக்குடும்பப் பெயர்கள் சிங்களவர், தமிழர் என்போரின் உதிரப் பெயர்களாக வழங்கி வந்துள்ளன. அவற்றை மொழியளவில் நிறுத்துதல் கற்றோர் கடனாகும்.