ரகுமான் கண்ணியும் தன்னை நோகும் நெஞ்சும்

குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்களில் தம்மைத் தாமே பழித்துக்கொள்ளும் குரல் ஓயாது ஒலிக்கிறது. அதனைக் கேட்டுப் பழகிய நம் வீடுகள் சிலவற்றில் ஓர் எண்ணம் வேரூன்றி விட்டது. தன்னை எவ்வளவு ஏசுகிறோமோ அவ்வளவு ஈமான் உறுதிப்படும் என்பதே அது. அப்பாடல்கள் இதற்கு இடந்தருகின்றனவா என்று ஆராய விழைகிறோம்.

2024 நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அம்மாவட்டத்து அனந்தபுரம் போன்ற ஊர்களில் உழவையோ சிறு கடையையோ நம்பி வாழ்வோர், இத்தகைய இழப்புக்குப் பின் பெரும்பாலும் தம்மையே நொந்துகொள்வர். 'முன்னரே அறுத்திருக்கலாமே, அந்தக் கடனை வாங்காதிருந்திருக்கலாமே' என்று இரவெல்லாம் உறங்காதிருப்பர். அந்நெஞ்சோடு மஸ்தான் சாகிபுவைப் படிப்பவர்க்கு அவர் என்ன தருகிறார்?

ரகுமான் கண்ணியின் அமைப்பை நோக்குக. கண்ணி என்பது இரண்டே அடி. ஒவ்வொன்றும் 'ரகுமானே' என்ற விளியில் முடிகிறது. பழிப்பு எத்துணைக் கடுமையாயினும் இரண்டாம் அடியைத் தாண்டிச் செல்ல இயலாது. அருளாளனின் திருநாமம் அதனை வழிமறித்து நிற்கிறது. எனவே இது முறையீடு. மேடைகளில் சிலர் பழிப்பை மட்டும் எடுத்தோதி விளியை விழுங்கி விடுகின்றனர். அப்போது எஞ்சுவது வெறும் வசை. 'எக்காலம்' என்று முடியும் எக்காலக் கண்ணியில் இத்தகைய பெயர்சொல்லி அழைக்கும் முடிப்பு இல்லை. ஏக்கம் வினாவாகவே தொங்குகிறது. ஆறுதல் தேடும் வாசகர்க்கு ரகுமான் கண்ணியே ஏற்றது என்பது நம் கருத்து.

தன்னைப் பழிக்கும் உள்ளத்தைத் திருமறையும் இழிவாகக் கருதவில்லை. 75ஆம் அத்தியாயத் தொடக்கத்தில் அதன்மீது சத்தியமே இடப்படுகிறது. ஆயினும் 7ஆம் அத்தியாயத்தில் ஆதம் நபியும் அவர்தம் துணைவியாரும் இறைஞ்சும்போது, தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டதை ஒப்புக்கொள்வதும் அருளை வேண்டுவதும் ஒரே மூச்சில் நிகழ்கின்றன. அந்த இறைஞ்சல் பன்மையில் அமைந்தது என்பதும் கருதத்தக்கது.

இங்கேதான் மஸ்தான் சாகிபுவிடம் நமக்கொரு குறை உண்டு. தன்மீது காட்டும் பரிவைப் பற்றி 2003இல் எழுதிய அமெரிக்க உளநூலார் கிறிஸ்டின் நெஃப், அதன் மூன்று கூறுகளுள் ஒன்றாக, துன்பமும் தவறுதலும் மாந்தர் அனைவர்க்கும் பொது என்னும் உணர்வைக் குறித்தார். மற்ற இரண்டும், அதாவது தன்னிடம் கனிவும் தன் நோவைப் பெருக்காமல் நேர்நோக்குதலும், முயன்றால் தனியே கைகூடக் கூடியவை. இப்பொதுமை உணர்வுக்கோ அயலார் வேண்டும். மஸ்தான் சாகிபுவின் 'நான்' மிகத் தனித்த நான். உற்றாரைத் துறந்து வந்த துறவியின் நான். பெண்டு பிள்ளைகளோடு நனைந்த நெல்லைக் காயவைக்கும் குடும்பத்தான் அதற்குள் எளிதில் நுழைய முடியாது. சித்தர் மரபை ஒட்டி மகளிர் மயலைப் பழிக்கும் இடங்களோ நம் வீட்டுப் பெண்மக்களை வாசலிலேயே நிறுத்தி விடுகின்றன. அவர்களும் புயலில் நனைந்தவர்கள்தாமே!

இக்குறையைப் பாட்டைவிடப் பாடும் முறையே ஓரளவு தீர்த்து வைக்கிறது. தாயிரா கொட்டிப் பலர் கூடியிருந்து, ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் ஒரே குரலில் 'ரகுமானே' என்று சேரும்போது, அத்தனித்த நான் பலருடையதாகி விடுகிறது. அச்சுப் புத்தகத்தைத் தனியே புரட்டுவோர்க்கு இது கிட்டுவதில்லை.