வழி தவறியவருக்கு ஓர் உபசாரம்

இணையத்தில் நாம் தேடிச் சென்ற பக்கம் அவ்விடத்தில் இல்லாமற்போனால், 404 என்ற எண்ணைக் காட்டிவிட்டு மௌனம் சாதிக்கிறதே கணினி, அந்த வறட்டுச் சம்பிரதாயத்தை ஹாஸ்யமாக மாற்றத் துணிந்தவர்கள் பரம ரசிகர்கள் என்பது என் அபிப்பிராயம். அமேசான் நிறுவனம் அங்கே தன் ஊழியர்கள் வளர்க்கும் நாய்களின் படங்களை வைத்தது. கோபத்தோடு வந்தவனும் அந்த முகங்களைக் கண்டால் சற்றே இளகத்தானே வேண்டும்! 2012-ஆம் ஆண்டில் பெல்ஜியத்திலிருந்து எழுந்த ஒரு முயற்சியோ, காணாமற்போன குழந்தைகளின் படங்களை இதே வெற்றிடத்தில் காட்டி, அதற்கு விளையாட்டினும் மேலான ஒரு பிரயோஜனத்தைத் தேடித் தந்தது.

சொந்தத் தளம் உடையவர்க்கு இப்படியொரு பக்கத்தை அமைப்பது பெரும் பிரயாசையன்று. தளத்தைத் தாங்கும் சர்வர் அப்பாச்சி வகையாயின், அதன் அமைப்புக் கோப்பில் 'எர்ரர்டாக்குமெண்ட்' என்ற கட்டளையோடு 404 என்ற எண்ணையும் நம் பக்கத்தின் பாதையையும் ஒரே வரியில் எழுதினால் தீர்ந்தது. ஆனால் அங்கே முழு இணைய முகவரியை எழுதிவிட்டால், சர்வர் வந்தவரை வேறிடத்துக்குத் திருப்பிவிடும். 404 என்ற அசல் சேதி அவருடைய உலாவிக்குப் போய்ச் சேராது. தேடுபொறிகளும், இல்லாத பக்கத்தை இருப்பதாக எண்ணி மயங்கக்கூடும்.

சித்திரம் வரையுங்கள், சிலேடை எழுதுங்கள், சிறு விளையாட்டொன்றைக்கூட அமையுங்கள்; எல்லாம் சிலாக்கியமே. நகைச்சுவை நீண்டால் மட்டும் சலிப்பு. அதன் கீழே முகப்புக்கு ஓர் இணைப்பும், தேடுவதற்கு ஒரு பெட்டியும் வைக்க மறவாதீர்கள்.