கதவு திறக்கக் கற்றுக்கொடுத்தவர்கள்

ஒரு நாய்க்குட்டிக்குக் கதவைத் திறக்கக் கற்றுக்கொடுப்பது அப்படியொன்றும் மந்திர வித்தை இல்லை. முதலில் ஒரு துணியைக் காட்டி இழுக்கச் சொல்ல வேண்டும். இழுத்தால் ஒரு துண்டு தீனி, கூடவே பாராட்டு. பிறகு அதே துணியைக் கதவின் கைப்பிடியில் கட்ட வேண்டும். குட்டிக்கு அது விளையாட்டு. கதவு திறந்துகொள்வது தற்செயல். சில வாரங்களில் சொல்லும் செயலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு எங்கோ ஒரு வீட்டில், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் ஒரே ஒரு சொல் சொன்னால் ஃபிரிட்ஜ் கதவு திறக்கும்.

இதை அமெரிக்கச் சிறைகளில் கைதிகள் சொல்லிக்கொடுக்கிறார்கள். தன் அறைக் கதவைத் தானே திறந்து பத்து, இருபது வருடமானவர்கள். விளக்கை எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பதுகூடத் தன் கையில் இல்லாத இடத்தில், சுவிட்சை மூக்கால் தட்டக் குட்டியைப் பழக்குகிறார்கள்.

முதன்முதலில் இதை ஒரு வீடியோவில்தான் பார்த்தேன். ராத்திரி ரிலீஸ் ஒன்று, சர்வர் எழுந்திருக்கக் காத்திருந்த நேரம். சாம்பல் நிறச் சீருடையில் ஆறடி ஆள் ஒருவர் தரையில் மண்டியிட்டு, குழந்தையிடம் பேசும் குரலில், "யாரு சமத்து? யாரு சமத்து?" என்பதைப் போல ஏதோ ஆங்கிலத்தில் கொஞ்சிக்கொண்டிருந்தார். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை, எல்லாரும் அழுகிற வீடியோதான் அது. ஆனால் அழுது முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. நான் யாருக்காக அழுதேன்? நாய்க்காகவா, அந்த ஆளுக்காகவா, இல்லை அந்த ஆளைப் பார்த்து அழ முடிகிற என் நல்ல மனசுக்காகவா?

அந்தச் சந்தேகத்தோடுதான் இந்த வகையில் இரண்டு புத்தகங்களைப் படித்தேன்.

*

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். 1981ல் வாஷிங்டன் மாநிலத்தில், கிக் ஹார்பர் என்ற ஊரின் பெண்கள் சிறையில் இது ஆரம்பித்தது. தொடங்கியவர் பிற்காலத்தில் கன்னியாஸ்திரியான பாலின் க்வின். இளம் வயதில் வீட்டைவிட்டு ஓடி, பல காப்பகங்களில் அடைக்கப்பட்டு வளர்ந்தவர். ஜோனி என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்தான் தன்னை மனுஷியாக்கியது என்று சொன்னவர். அவருக்குத் துணை நின்றவர் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பேராசிரியர் லியோ பஸ்டாட். அடைபட்டிருந்த ஒருத்தியின் அனுபவத்திலிருந்து பிறந்த யோசனை இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு 1997ல் நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறையில் ஐந்து லேப்ரடார் குட்டிகளோடு 'பப்பீஸ் பிஹைண்ட் பார்ஸ்' அமைப்பைத் தொடங்கினார் குளோரியா கில்பர்ட் ஸ்டோகா. இன்று பல மாநிலங்களில் இப்படியான திட்டங்கள் உண்டு.

குட்டி எட்டு வார வயதில் சிறைக்குள் வருகிறது. கைதியின் அறையிலேயே, கட்டில் பக்கத்தில் ஒரு கூண்டில் தூங்குகிறது. நடுராத்திரி அதை வெளியே கூட்டிப்போக வேண்டும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் பயிற்சி முடிந்து போய்விடும். பிறகு அடுத்த குட்டி. ஆனால் சிறையில் இல்லாத விஷயங்கள் நிறைய: காலிங் பெல், கைக்குழந்தை, போக்குவரத்து, சூப்பர் மார்க்கெட். இதெல்லாம் பழகாத நாய் வேலைக்கு ஆகாது. அதனால் வெளியிலிருந்து தன்னார்வலர்கள் வார இறுதியில் வந்து குட்டியை ஊருக்குள் கூட்டிப்போகிறார்கள். நாய்க்கு வாராவாரம் பரோல்.

*

முதல் புத்தகம் 'அன்டில் டியூஸ்டே'. 2011ல் வந்தது. எழுதியவர் லூயிஸ் கார்லோஸ் மொன்டல்வான், அமெரிக்க ராணுவத்தின் முன்னாள் கேப்டன்; எழுத உதவியவர் பிரெட் விட்டர். ஈராக்கிலிருந்து முதுகெலும்பில் காயமும் மூளைக் காயமும் கெட்ட கனவுகளுமாகத் திரும்பிய ஒருவர், டியூஸ்டே என்ற கோல்டன் ரிட்ரீவரின் துணையோடு மறுபடி நடமாட ஆரம்பிக்கும் கதை. துணைத்தலைப்பைத் தமிழில் சொன்னால் 'காயம்பட்ட வீரனும் அவனைக் காப்பாற்றிய கோல்டன் ரிட்ரீவரும்'.

இதன் நல்ல பக்கங்கள் எல்லாமே சின்ன விஷயங்களால் ஆனவை. சுரங்க ரயிலில் ஏறுவதற்கு முன்னால் வரும் நடுக்கம். கனவிலிருந்து எழுப்பும் நாயின் மூக்கு. கடைக்குள் நாயோடு வரக்கூடாது என்று நிறுத்துகிறவர்களோடு திரும்பத் திரும்ப நடக்கும் சண்டை. எழுத்து அங்கேயெல்லாம் உண்மையாக இருக்கிறது.

டியூஸ்டேவின் குட்டிப் பருவத்தில் ஒரு பகுதி சிறையில் கழிகிறது. அவனை வளர்த்த பயிற்சி நிலையத்தின் முறை, குட்டியை எந்த ஒரு மனிதரோடும் அதிகம் ஒட்டவிடாமல் பல கைகள் மாற்றி வளர்ப்பது. கடைசியில் சேரவேண்டியவரிடம்தான் அந்தப் பாசம் போய்ச் சேர வேண்டும். சிறையில் இது நடக்கவில்லை. அங்கே ஒரே அறை, ஒரே ஆள். குட்டி ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரிவு வந்தபோது உடைந்துபோனது. டியூஸ்டேவின் தொட்டால் சுருங்கும் குணத்துக்கு இந்தப் பிரிவும் காரணம் என்று புத்தகம் நம்மை நம்பவைக்கிறது. வாசித்தபோது தொண்டை அடைத்தது.

பிறகு பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கைதி வருகிறார், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வருவது நாயின் வாழ்க்கை வரலாற்றில் ஓர் அத்தியாயமாக. இந்த நாய் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கான விளக்கமாக. நாயின் மனக்காயத்துக்குக் காரணம் தேடும் கதை, அந்த அறையில் மிச்சமிருந்த மனிதனுக்குக் காலியான கூண்டைப் பார்த்து என்ன ஆனது என்று அதே அக்கறையோடு தேடவில்லை.

இது எழுத்தாளரின் கல்நெஞ்சம் என்று சொல்லவே மாட்டேன். அவர் தன் கதையைச் சொல்கிறார், அந்தக் கதைக்கு அவர் கொடுத்த விலை பெரியது. குறை அந்த வகைமையில் இருக்கிறது. காப்பாற்றப்பட்டவன் ஒருவன், காப்பாற்றியது ஒன்று. அதற்கு மேல் அந்தத் துணைத்தலைப்பில் இடமில்லை. நாங்கள் எழுதும் மென்பொருள்களிலும் இப்படித்தான். முகம் தெரியாத யாரோ ராத்திரி கண்விழித்து எழுதிய லைப்ரரி ஒன்று அடியில் ஓடிக்கொண்டிருக்கும். மேலே கட்டினவன் பெயர்தான் விழாவில் வாசிக்கப்படும்.

'காப்பாற்றிய' என்ற அந்த இறந்தகாலச் சொல்லும் என்னை உறுத்துகிறது. மொன்டல்வான் 2016 டிசம்பரில், 43 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். டியூஸ்டே அப்போது அவருடன் இல்லை. இதைச் சொல்லி நாயின் வேலையையோ புத்தகத்தையோ பொய் என்று நிரூபிப்பது என் நோக்கமில்லை. நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. நாய் ஒரு மனிதனை ஒரே தடவையில் காப்பாற்றி முடித்துவிடுவதில்லை. இன்றைக்கு எழவைக்கிறது. நாளைக்கு மறுபடி எழவைக்க வேண்டும். புத்தகத்தின் நல்ல பக்கங்களுக்கு இது தெரியும். அட்டைக்குத்தான் தெரியவில்லை.

*

இரண்டாவது புத்தகம் 'வீக்கெண்ட்ஸ் வித் டெய்ஸி', 2013. எழுதியவர் ஷாரன் கான் லட்ரல், பத்திரிகையாளர். செல்லப்பிராணியை இழந்த சோகத்தில் இருப்பவர், வார இறுதித் தன்னார்வலராகச் சேர்கிறார். டெய்ஸி ஒரு மஞ்சள் லேப்ரடார். வார நாட்களில் ரோட் ஐலண்ட் மாநிலச் சிறையில் ஒரு கைதியிடம். வார இறுதியில் லட்ரலின் வீட்டில்.

எழுத்தாக முந்தையதைவிட எளிமையானது, சில இடங்களில் குடும்ப நகைச்சுவை கொஞ்சம் தூக்கல். ஆனாலும் எனக்கு இதுதான் முக்கியமான புத்தகம். ஏனென்றால் இதில் கைதி ஓர் ஆள். நாயைப் பற்றி மட்டுமே பேசலாம் என்ற எழுதப்படாத விதிக்குள் இரண்டு பெரியவர்கள் ஒரு நட்பைக் கட்டுகிறார்கள். குட்டி லூஸ் மோஷன் போனதா, படிக்கட்டுக்குப் பயப்படுகிறதா, யாரைப் பார்த்துக் குரைத்தது? ஒரு குழந்தையை இரண்டு வீட்டில் வளர்க்கிறவர்கள் பேசிக்கொள்வதுபோல.

நடுவில் ஒரு கேள்வி வளர்ந்துகொண்டே வருகிறது. இவர் என்ன செய்துவிட்டு உள்ளே இருக்கிறார்? லட்ரல் பத்திரிகையாளர், தேடத் தெரிந்தவர். ஒரு கட்டத்தில் தெரிந்துகொள்கிறார். தெரிந்தபின் அந்த மனிதரின் கையிலிருந்து நாயின் கயிற்றை வாங்குவது முன்போல இல்லை. தன் கருணைக்கு ஒரு எல்லை இருப்பதைக் கண்டுபிடித்து, அதைப் பார்த்துத் தானே கூசுகிறார். அந்தக் கூச்சத்தை ஒளிக்காமல் எழுதியதுதான் இந்தப் புத்தகத்தின் நேர்மை.

அந்தக் குற்றம் என்ன என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரையின் மிச்சத்தை நீங்கள் அந்த ஒரு வரியை வைத்துத்தான் வாசிப்பீர்கள். நான் அப்படித்தான் வாசித்தேன்.

எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. குற்றம் வெளிப்படும் இடம் ஒரு நாவலின் திருப்பம்போல அமைந்திருக்கிறது. அதுவரை நம் பிரியத்தை வளர்த்து, பிறகு உலுக்குவது. கதைக்கு நல்லது. ஆனால் அந்த ஆளுக்கு, தன் வாழ்வின் மிக மோசமான நாள் இன்னொருவரின் புத்தகத்தில் மறுபடி ஒரு திருப்பமாகிறது. இதில் பாதிக்கப்பட்டவர்களின் துயரமும் இருக்கிறது. அவர்களுக்கும் அது ஒரு திருப்பம் மட்டும் இல்லையே.

*

இந்தக் கதைகளை விரும்புகிற நாம் கைதியிடம் ஒன்றை எதிர்பார்க்கிறோம்: அவர் திருந்தியிருக்க வேண்டும், அதை நாய் சாட்சி சொல்ல வேண்டும். நாயை வளர்த்தவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைவு என்று பெருமையாகச் சொல்லப்படும். இருக்கலாம். ஆனால் டேட்டா பார்க்கிற பிழைப்பில் இருக்கிறவனுக்கு இங்கே கை நடுங்கும். இந்தத் திட்டங்களில் சேர விண்ணப்பம், நேர்காணல், சிறையில் ஒழுங்கு நடவடிக்கை இல்லாத பதிவு, எல்லாம் வேண்டும். விலங்குகளையோ குழந்தைகளையோ துன்புறுத்தியவர்களைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை. குட்டியின் பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் ஏற்கெனவே சல்லடையில் சலித்து எடுத்த ஆட்களை வைத்து, மாற்றியது நாய்தான் என்று எப்படி முடிவுகட்டுவது?

இன்னொன்று கூலி. 1865ல் அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாவது சட்டத்திருத்தமே, குற்றத்துக்குத் தண்டனையாக வேலை வாங்குவதற்கு விலக்கு வைத்திருக்கிறது. பல மாநிலங்களில் சிறைவேலைக்கு மணிக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது. உதவி நாய் ஒன்றை உருவாக்கப் பல்லாயிரம் டாலர் பிடிக்கும். அந்தக் கணக்கில் இரவும் பகலும் நாயோடு இருப்பவரின் உழைப்புக்கு என்ன விலை? பாசம் என்ற சொல் வந்ததும் இந்தக் கேள்வியை நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம். நம் வீடுகளில் அம்மாக்களின் வேலைக்குச் செய்வதும் இதுதானே.

"நாய் வளர்ப்புப் புத்தகத்திடம் இவ்வளவா கேட்பது, பாஸ்?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. திட்டத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. பலவீனத்தைக் காட்டினால் ஆபத்தான இடத்தில், எல்லார் முன்னாலும் ஒரு ஆள் கொஞ்சுகிற குரலில் பேசலாம் என்று ஆக்கிய எதுவும் சின்னதல்ல. நான் கேட்பது வேறு. அந்த ஆள் முழுசாகத் திருந்தியவராகவோ, நாயை வளர்த்துப் பாவத்தைக் கழுவியவராகவோ இல்லாவிட்டாலும், குட்டி போன அன்றைக்கு அவர் என்ன செய்தார் என்று கேட்க ஒரு பக்கம் இருந்திருக்கலாம்.

*

இதை நான் பிறர்மேல் சுமத்தும் குறையாக எழுதி முடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

என் சித்தப்பா மூன்றரை வருடம் சிறையில் இருந்தார். நான் அப்போது ஆறாவது. வீட்டில் "சூரத்துல வேலை" என்றார்கள். திரும்பி வந்தவர் மெலிந்திருந்தார், சூரத்திலிருந்து ஒரு துணிகூடக் கொண்டுவரவில்லை. நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்தபிறகு ஒரு நாள் ராத்திரி அவர் பெயரையும் மாவட்டத்தையும் போட்டுத் தேடினேன். தீர்ப்பு கிடைத்தது. முழுக்கப் படித்தேன். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவர் என் தட்டில் வடை வைத்தார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லட்ரலாவது வாராவாரம் அந்தக் கயிற்றை வாங்கப் போனார். நான் பதினோரு வருடம் ஒன்றுமே கேட்கவில்லை.

டெய்ஸி புத்தகத்தை முடித்த வாரம் சித்தப்பாவுக்கு போன் பண்ணினேன். மழை, மாடு, முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்ததும் கேட்டேன். "உள்ள இருந்தப்போ என்ன வேலை பாத்தீங்க சித்தப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"தறி," என்றார். "பேண்டேஜ் துணி நெஞ்சோம். ஆஸ்பத்திரிக்குப் போவும்."

"எந்த ஆஸ்பத்திரிக்கு?"

"அது யாருக்குப்பா தெரியும்? கட்டு கட்டா லாரில ஏத்திடுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "மொதல்ல இழை அறுந்துக்கிட்டே இருக்கும். பக்கத்துத் தறிப் பெரியவரு ஒருத்தர் சொல்லிக்குடுத்தாரு," என்றார்.

அந்தப் பெரியவரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அவர் எதற்காக உள்ளே வந்தார் என்று சித்தப்பா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.