தையல் விடும் இடம்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும், அதைத் தானாக நிரப்பும் மோட்டாரையும் கணினியில் மாதிரியாகக் கட்டச் சொன்னால், ஒரே கணக்குமுறை போதாது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். நீர்மட்டம் இடைவிடாமல் ஏறுவது. அதற்கு வகைக்கெழுச் சமன்பாடு வேண்டும். மோட்டாருக்கோ இரண்டே நிலை: ஓடும், நிற்கும். அதற்கு நிலைமாற்ற வரைபடமே தோது. இரண்டையும் கோத்தால்தான் வீட்டில் நடப்பது திரையிலும் நடக்கும்.

கோத்துப் பாருங்கள். இரண்டு நிரல்களும் நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் மாற்றிக்கொள்கின்றன. மோட்டார் நிமிடத்துக்கு 60 லிட்டர் இறைக்கிறது என்று வையுங்கள். தகவல் மாறிய மறுகணமே தொட்டி நிரம்பினால், அடுத்த மாற்றம் வரும்வரை திரையில் கிட்டத்தட்ட 60 லிட்டர் வழிந்து ஓடும். உண்மை வீட்டில் மிதவை எழும்பிய உடனே மோட்டார் நின்றிருக்கும். தண்ணீர்க் கணக்கிலும் பிழையில்லை, மோட்டார்க் கணக்கிலும் பிழையில்லை. வழிந்த தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் பிறந்தது.

கார்த் தொழிலில் இப்படிக் கோப்பதைத் தவிர்க்கவே முடியாது. எஞ்சின், பேட்டரி, பிரேக் மென்பொருள் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு குழுவின் கையில், ஒவ்வொரு கருவியில் இருக்கும். இவற்றை இணைக்க ஐரோப்பியத் திட்டம் ஒன்றில் உருவாகி 2010-இல் வெளிவந்த எஃப்.எம்.ஐ. தரநிலை பெரிய உதவி. மாதிரியை ஒரு ஜிப் கோப்பாகக் கட்டிக் கொடுத்துவிடலாம். உள்ளே இருக்கும் சமன்பாட்டைக் காட்ட வேண்டியதில்லை. தொழில் ரகசியம் காக்கும் உதிரிபாக நிறுவனங்கள் மாதிரியைக் கைமாற்ற முன்வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் மூடிய பெட்டி மூடிய பெட்டிதான். இரண்டு தகவல் மாற்றங்களுக்கு நடுவிலுள்ள ஒரு கணக்குப் படி தவறாகப் போனால் பின்னால் வந்து மறுபடி கணக்கிட, பெட்டி தன் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அந்த வசதியைத் தரநிலை கட்டாயமாக்கவில்லை. சுருள்வில் ஒரு பெட்டியிலும் எடை இன்னொன்றிலும் இருந்து, ஒரு படி முழுவதும் பழைய விசையையே பிடித்துக்கொண்டு ஓட்டினால், உராய்வே இல்லாத அந்த அமைப்பின் ஆட்டம் தானாகப் பெருகிக்கொண்டே போகும். இல்லாத ஆற்றலைக் கணினி தயாரித்துவிடுகிறது! இது தெரியாதவர் வில்லின் மேல்தான் பழியைப் போடுவார்.

எல்லாவற்றையும் ஒரே மொழியில் எழுதி ஒன்றாகத் தீர்த்தால் என்ன? 1997 முதல் இருக்கும் மாடலிக்கா மொழியின் வழி அதுதான். பௌதிகப் பகுதிகளுக்கு அருமையான வழி; சமன்பாட்டைத் தர மறுப்பவரிடம் அது செல்லாது.

இணைப்பில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணமே சான்று. 1996 ஜூன் 4 அன்று, புறப்பட்டுச் சுமார் 40 விநாடியில் அது சிதறியது. ஏரியன் 4-இலிருந்து அப்படியே எடுத்த வழிகாட்டு மென்பொருள், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணிக்க முயன்று நின்றுபோனது. என்னை உறுத்துவது வேறு விஷயம். பறப்பதற்கு முன் செய்த முழு அமைப்புச் சோதனைகளில் அந்த வழிகாட்டுக் கருவியே இல்லை. ஏற்கெனவே தேறிய கருவிதானே என்று அதன் இடத்தில் ஒரு மாதிரி நிரலை வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பாதையும் பழைய கருவியும் முதன்முதலாகச் சந்தித்தது வானத்தில்தான். உண்மைக் கருவியைக் கோத்துச் சோதித்திருந்தால் கோளாறு தரையிலேயே தெரிந்திருக்கும் என்று விசாரணைக் குழு சொன்னது.

மூன்று வருடம் கழித்து நாசாவின் செவ்வாய்க் கலம் தொலைந்ததும் இதே இனம்: ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது, இன்னொன்று நியூட்டன் என்று படித்தது.

மாதிரிகளைக் கோப்பதை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாமல் இன்று ஒரு காரும் உருவாகாது. ஒவ்வொரு பெட்டிக்கும் பொறுப்பாளர் இருக்க, தையலுக்கு ஆள் இல்லாததுதான் கோளாறு. கோத்து ஓட்டிய முடிவோடு யாராவது உங்கள் மேஜைக்கு வந்தால், வண்ண வரைபடத்தைப் பார்க்கும் முன் தகவல் மாற்றும் இடைவெளி எவ்வளவு என்று கேளுங்கள். அதைப் பாதியாக்கி இன்னொருமுறை ஓட்டச் சொல்லுங்கள். விடை கணிசமாக மாறினால், அந்த வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.