ஐந்நூறில் ஒன்று: பந்தயக் கார், பாரம்பரியம், கரிசல்

1

பாரம்பரியம் என்கிற சொல் இன்று யார் யார் வாயில் என்னவாகப் புழங்குகிறது என்று கணக்கெடுத்தால், கார்க் கம்பெனிக்காரர்களை முதல் வரிசையில் வைக்க வேண்டியிருக்கும். பந்தயத்தின் ரத்தம் ஓடுகிற வண்டி, உலகத்துக்கே இத்தனைதான், உங்கள் வண்டிக்கு இன்ன எண் என்கிற தோரணையில் விற்கப்படும் அதிவேகக் கார்களைச் சொல்கிறேன். கோடிகளில் விலை. பணம் இருந்தாலும் போதாது. யாருக்குத் தருவது என்பதைக் கம்பெனியே தீர்மானிக்கும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இருந்துகொண்டு இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். குண்டாற்றில் தண்ணீர் வந்த வருஷத்தை விரல்விட்டு எண்ணுகிற சீமை. சீமைக்கருவேலையை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி லாரியில் ஏற்றுகிற சீமை. ஆனால் ஃபெராரியின் குதிரை இங்கே வந்துசேர்ந்து ரொம்ப நாளாகிறது. பைக் பெட்ரோல் டாங்கில், மினிபஸ் பின்கண்ணாடியில், செல்போன் கடைக் கதவில் பின்னங்கால் ஊன்றி எழும்பி நிற்கிற அந்தக் கறுப்புக் குதிரையைப் பார்க்காத ஆள் இல்லை. ஸ்டிக்கர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கார் எண்ணிக்கையில் குறுக்கப்படுகிறது. படம் எல்லையில்லாமல் பெருகுகிறது. இவை ஒரே வியாபாரத்தின் இரண்டு கைகள். எட்டாக்கை ஒன்று, எங்கும் இருக்கிற கை ஒன்று.

இயந்திரவழி மறுபடியாக்கம் கலைப்பொருளின் ஒளிவட்டத்தைத் தேய்த்துவிடும் என்று 1930களில் வால்டர் பெஞ்சமின் எழுதினார். இந்த வண்டிகளின் விஷயத்தில் நகல்கள்தான் மூலத்துக்கு ஒளிவட்டம் கட்டுகின்றன. கோடிப்பேர் பார்த்து ஏங்காத ஒன்றை ஐந்நூறு பேர் வாங்கி என்ன பெருமை? ஆக, திருச்சுழிப் பையன் டாங்கில் ஒட்டுகிற ஸ்டிக்கரும் அந்தக் காரின் விலையில் ஒரு பகுதி. அவனை ஏமாளி என்று சொல்வது நம்ம மேட்டிமை. தனக்கு அந்தக் கார் கிடைக்காது என்பது அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவன் உழைப்பு எந்தக் கணக்கில் வரவாகிறது என்பதுதான் அவனுக்குச் சொல்லப்படவில்லை.

2

எண்ணுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதி மாயம் கலைந்துவிடும்.

பந்தயங்களில் சில பிரிவுகள் சாலையில் ஓடும் கார்களுக்கு உரியவை. பந்தயத்துக்கென்றே ஒன்றிரண்டு வண்டிகளை மட்டும் செய்து கொண்டுவந்து ஏமாற்றக் கூடாது என்பதற்காக விதி வைத்தார்கள்: குறைந்தது இத்தனை வண்டிகள் செய்திருக்க வேண்டும், அப்போதுதான் ஒப்புதல். 1962இல் வந்த ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வின் பெயரில் உள்ள 'ஓ' இந்த ஒப்புதலைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. விதி கேட்டது 100. செய்யப்பட்டவை 36தான். பழைய மாடலின் மாறுபட்ட வடிவம் என்று கணக்குக் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். 1973க்கான போர்ஷே கரேரா ஆர்.எஸ். காருக்குத் தேவைப்பட்டது 500. அத்தனை விற்குமா என்ற சந்தேகத்தோடு தொடங்கினார்கள். கேட்டவர்கள் அதிகமானதால் 1,580 செய்தார்கள்.

இங்கே கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. விதியின் மொழி 'குறைந்தது ஐந்நூறு' என்பது. இன்றைய விளம்பரத்தின் மொழி 'ஐந்நூறு மட்டுமே'. கீழ்வரம்பாக இருந்த எண் மேல்வரம்பாகத் தலைகீழாகிவிட்டது. முன்னது கம்பெனியைக் கட்டுப்படுத்த வெளியிலிருந்து வந்த விதி. நாலுபேர் வாங்கும்படியாகச் செய் என்று அது கம்பெனியிடம் சொன்னது. பின்னது கம்பெனி தானே போட்டுக்கொள்கிற வேலி. நாலுபேருக்குக் கிடைக்காமல் செய்வதே அதன் நோக்கம். விதி போய்விட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது. பூத்ரியார் 1968இல் 'பொருள்களின் அமைப்பு' நூலில் மாதிரி, தொடர் என்று பிரித்துப் பேசினார். பெருந்தொகைக்கு விதிக்கப்பட்டது தொடர்ப்பொருள். மாதிரியை நோக்கிய ஏக்கம் அதனுள்ளேயே பொதிந்திருக்கும் என்பது அவர் வாதம். வரம்பிட்ட பதிப்பு இந்தப் பிரிவினையின் சாமர்த்தியமான விளைவு. தொழிற்சாலைத் தொடராகவே இருந்துகொண்டு, எண் பொறித்த தகட்டினால் மாதிரிபோல வேஷம் கட்டிக்கொள்கிறது.

அந்த வேலி கல்லால் ஆனதும் இல்லை. 399 என்று சொல்லப்பட்ட ஃபெராரி என்ஸோவில் 400ஆவதாக ஒன்று செய்து போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுத்தார்கள். 2005இல் அது ஏலம் விடப்பட்டு, பணம் சுனாமி நிவாரணத்துக்குப் போயிற்று. நாகப்பட்டினம் வரை கரையெல்லாம் பிணம் ஒதுங்கிய சுனாமி அது. உதவியைக் குறைசொல்ல நான் வரவில்லை. 'இதற்குமேல் முடியாது' என்பது இயற்கை விதி இல்லை, யாரோ எடுத்த முடிவு என்பதற்கு இது சாட்சி. அவ்வளவுதான்.

3

எண்ணை விட்டுவிட்டுப் பாரம்பரியத்துக்கு வருவோம். பாரம்பரியம் என்பது கடந்த காலம் முழுவதும் அன்று. கடந்த காலத்திலிருந்து பொறுக்கி எடுத்தது. யார் பொறுக்குகிறார்கள், எதைக் கீழே போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

1955 மே 1 அன்று இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டர்லிங் மோஸ் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். காரை ஓட்டினார். பொதுச் சாலையில் சுமார் 1,600 கிலோமீட்டர். பக்கத்து இருக்கையில் டெனிஸ் ஜென்கின்சன் என்கிற பத்திரிகையாளர், பாதைக் குறிப்புகளை எழுதிச் சுருட்டிய காகிதத்தைப் பார்த்துக் கையால் சைகை காட்டிக்கொண்டே வந்தார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் ஜெயித்தார்கள். வண்டி எண் 722, காலை 7.22க்குப் புறப்பட்டதால் அந்த எண். 2006இல் எஸ்.எல்.ஆர். 722 என்று 150 கார்கள் வந்தன. 2009இல் மோஸ் பெயரில் கூரையும் முன்கண்ணாடியும் இல்லாமல் 75 கார்கள்.

அதே 1955, ஜூன் 11, பிரான்சின் லெ மான். அதே 300 எஸ்.எல்.ஆர். வகைக் கார் ஒன்று இன்னொரு காரில் மோதி எழும்பிக் கூட்டத்துக்குள் சிதறியது. ஓட்டியவர் பியர் லெவே. அவரோடு 80க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் செத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் மெர்சிடிஸ் பந்தயத்தை விட்டே விலகியது. திரும்பிவரப் பல பத்தாண்டுகள் ஆயின. இரண்டுக்கும் நடுவே ஆறு வாரம்கூட இல்லை. 722 என்கிற எண் பதிப்பாயிற்று. ஜூன் 11 எதுவாகவும் ஆகவில்லை. 300 எஸ்.எல்.ஆர். வகையில் கூரையிட்ட இரண்டே கார்கள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று 2022இல் 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. அதுவரை எந்தக் காரும் அந்த விலைக்குப் போனதில்லை.

1994, இமோலா. மே 1 அன்று அயர்ட்டன் சென்னா செத்தார். முந்தின நாள் அதே தடத்தில் ரோலண்ட் ராட்சன்பெர்கர் என்கிற ஆஸ்திரியர் செத்தார். அந்த வருஷம்தான் ஃபார்முலா ஒன்றுக்கு வந்து சேர்ந்தவர். சென்னா மக்லாரன் அணியில் மூன்று முறை உலகப் பட்டம் வென்றவர் (1988, 1990, 1991). அந்தக் கம்பெனி 2017 டிசம்பரில் சென்னா பெயரில் 500 கார்களை அறிவித்தது. ராட்சன்பெர்கர் பெயரில் கார் இல்லை. வராது. மரணத்திலும் பதிப்பிக்கத் தக்கது, தகாதது என்று பிரிவு இருக்கிறது. ஃபெராரியின் குதிரையே 1918இல் போரில் செத்த பராக்கா என்கிற இத்தாலிய விமானியின் சின்னம்தான். நம்ம ஊர் பெட்ரோல் டாங்கில் நிற்கிறது அந்தப் போர்க்குதிரை.

பார்வையாளர்கள், மெக்கானிக்குகள், டயர் மாற்றியவர்கள், தோற்றவர்கள், பந்தயத்துக்காகச் சாலையை விட்டுக்கொடுத்த கிராமங்கள் - இவர்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய நினைவு ஒரு பெயராகவும் எண்ணாகவும் சுருக்கப்பட்டு ஒரு முதலாளியின் ஷெட்டில் நிறுத்தப்படுகிறது. பொதுவில் உண்டானது தனியுடைமையாகிறது. நிலத்துக்கு நடந்ததை நாம் புறம்போக்கு, கண்மாய், மேய்ச்சல் என்று பேசியிருக்கிறோம். நினைவுக்கும் அதுவே நடக்கிறது.

4

தமிழ்நாட்டுக்குப் பந்தயப் பாரம்பரியம் இல்லையா? உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் ஓடினார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் ஏற்பட்டது. ராஜ குடும்பத்தாரும் தொழிலதிபர்களும் வெளிநாட்டு வண்டிகளை இறக்கி ஓட்டிய இடமும் அதுதான், உள்ளூர் பட்டறைக்காரர்கள் கையில் கிடைத்ததை வைத்து வண்டி கட்டிக் கொண்டுவந்த இடமும் அதுதான்.

கோவையின் கரிவரதன் பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. பஞ்சாலை மூலதனத்தில்தான் கோவைப் பட்டறைகள் பலவும் முளைத்தன. பஞ்சு எங்கே போய் எதுவாகிறது என்று கேட்கப் பருத்திக்காட்டுக்காரர்களான நமக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் செய்த காரியத்தை அவருடைய வர்க்கத்தை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. மாருதி 800இன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்ற பிரிவு உண்டாயிற்று. எல்லோருக்கும் ஒரே எஞ்சின். குறைந்த செலவு. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். வரம்பிட்ட பதிப்புக்கு நேரெதிரான தர்க்கம் இது. இன்னும் நாலுபேர் ஓட்டட்டும் என்பது. 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் ஏறிய முதல் பந்தய வண்டி ஃபார்முலா மாருதி. கோவையில் கரிவரதன் பெயரில் ஒரு பந்தயத் தடம் 2003இல் திறக்கப்பட்டது. தடத்தில் யாரும் ஓட்டலாம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒருவர் வாங்கிப் பூட்டிவைக்க முடியாத நினைவுச் சின்னம் அது.

பதிப்பு வியாபாரத்தை இங்கேயும் முயன்று பார்த்தார்கள். 2017 மார்ச்சில் ஜெனீவாவில் டாட்டா கம்பெனி ரேஸ்மோ என்ற இரண்டு இருக்கைக் காரைக் காட்டியது. 250 மட்டும் செய்யப்போவதாகச் சொன்னார்கள். ஒன்றும் சாலைக்கு வரவில்லை. கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸோடு சேர்ந்து 2018இல் டியாகோ, டிகோர் கார்களின் வேகப் பதிப்புகளைக் கொண்டுவந்தார்கள். 2020க்குள் அதுவும் நின்றுபோயிற்று. பட்டறையில் இருக்கிற பாரம்பரியம் ஷோரூமுக்கு எளிதில் இடம்பெயர்வதில்லை.

1990இல் பந்தயம் சோழவரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குப் போயிற்று. அதே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் தொழிற்சாலை கார் செய்யத் தொடங்கியது. நம்ம பக்கத்து ஐ.டி.ஐ., டிப்ளமோ பையன்கள் ராத்திரி பஸ் ஏறிப் போகிற திசை அது. தடத்தில் விநாடிக் கணக்கு. அசெம்பிளி லைனிலும் விநாடிக் கணக்கு. அங்கே விநாடியைக் குறைத்தவனுக்குக் கோப்பை. இங்கே குறைத்தால் அடுத்த ஷிஃப்டுக்கு அதுவே இலக்கு. சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி 2009லும் 2010லும் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. வேகத்தின் பாரம்பரியத்தை எழுதுகிறவர்கள் இதையும் அதில் சேர்த்து எழுத வேண்டும்.

5

கடைசியாக நம்மிடம் வருவோம். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் ரோட்டில் மாட்டு வண்டி எல்கைப் பந்தயம் விடுகிற சீமை இது. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தபோது 'எங்கள் பாரம்பரியம்' என்று தெருவில் நின்றோம். 2017இல் சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டு, கர்நாடக, மகாராஷ்டிரத் திருத்தங்களைச் செல்லும் என்றது. கார்க் கம்பெனியின் பாரம்பரியத்தை எந்த நீதிமன்றமும் நிரூபிக்கச் சொன்னதில்லை, விளம்பரமே போதும். கரிசல்காட்டுக்காரன் தன் பாரம்பரியத்துக்கு ஒன்பது வருஷம் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. இந்த ஏற்றத்தாழ்வைச் சொல்லியாக வேண்டும்.

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் நாமும் விளம்பரக்காரர்கள்தான். பந்தய நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். பரிசு தருகிறவர் பெயர், மாட்டுக்காரர் பெயர், ஊர்ப் பெயர். சாரதி பெயர் கடைசியில் வரும், இல்லாவிட்டால் வராது. வண்டியோட்டி ஒருவர் என்னிடம் சொன்னார்: “மைக்குல பேரு அவருக்கு, முட்டியில தழும்பு எனக்கு.” மாடு யாருடையது, ஓட்டுகிறவர் எந்தத் தெரு, முதல் மரியாதை யாருக்கு, எந்தத் தெருக்காரரின் வண்டிக்கு எல்கையில் இடமில்லை என்கிற கேள்விகளைப் பாரம்பரியம் என்ற சொல் நம்ம ஊரிலும் மூடிவைக்கிறது. ஜென்கின்சன் சைகை காட்டினார், காருக்கு மோஸ் பெயர். இங்கே சாரதி தார்க்குச்சியோடு உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார், கோப்பை வீட்டுக்காரருக்கு.

பாரம்பரியத்தை அவர்களிடமே விட்டுவிடலாம் என்பது என் வாதம் இல்லை. அந்தச் சொல் எங்கே வந்தாலும், மாரனெல்லோவிலிருந்து வந்தாலும் நம்ம மந்தையிலிருந்து வந்தாலும், ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகுவோம்: இந்த நினைவை உண்டாக்கியவர்களில் யார் பெயர் தகட்டில் இல்லை? சோழவரத்தில் ராத்திரி முழுக்க எஞ்சின் பிரித்து மாட்டியவர்களிடமும், எல்கையில் வண்டியோடு கூடவே ஓடியவர்களிடமும் போய்க் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். வயசாகிக்கொண்டிருக்கிறது அவர்களுக்கு. அந்த வேலையை யார் யார் எடுத்துக்கொள்வது என்று தோழர்கள் பேச வேண்டும்.